பத்தில் ஐந்து போதும் என்றவள்

செயலாளர் அண்ணன் அவர்களுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். மேடையில் பேசுகிறவர்கள் புதன்கிழமை மாலைக்குள் பேச்சை எழுதி அனுப்பிவிட வேண்டும் என்பது உங்கள் விதி. போன வருஷம் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நடுவரின் குடும்பத்தையே சந்திக்கு இழுத்ததால் வந்த விதி. அதில் எனக்குக் குறை இல்லை. இப்போது மணி இரண்டாகப் போகிறது. பாப்பா தூங்கிவிட்டாள். அவரும் தூங்குகிறார். இரண்டு முறை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசி ஆட்டத்துக்கு அணியை அனுப்பிவைக்கும் வெள்ளிக்கிழமை வழியனுப்பு விழாவில், கோல்கீப்பர் மனைவி என்ற முறையில், "கல்லூரில பேச்சுப்போட்டிக் கோப்பை வாங்கின பொண்ணாச்சே, நல்லதா நாலு வார்த்தை பேசும்மா" என்றீர்கள். கீழே இருப்பதுதான் நான் பேசப்போவது. ஓரெழுத்தும் மாற்றமாட்டேன். முழுதாகப் படித்துவிடுங்கள், பாதியில் வைத்துவிடாதீர்கள்.

*

பத்தொன்பது ஆண்டுகளாக இந்த அணியின் பாரத்தைத் தோளிலும் தோல்வியின் பழியைத் தலையிலும் சுமந்தபடி, இன்று இம்மாலையை மட்டும் கழுத்தில் சுமக்கும் தலைவர் அவர்களே! பேசுகிறவர்கள் பேச்சையெல்லாம் முன்னமே படித்துவிட்டு, முதன்முறை கேட்பவர்போல் முகத்தை வைத்துக்கொள்ளும் செயலாளர் அண்ணன் அவர்களே! கூரையில்லாத கிழக்கு வரிசையில் குடைபிடித்து நின்றும், குடைபிடித்ததற்காகப் பின்னால் நின்றவரிடம் ஏச்சு வாங்கியும், அடுத்த ஆட்டத்துக்கும் அதே குடையோடு வந்த பெரியோர்களே! காலுறையில் காய்ந்த சேற்றைக் கசக்கிக் கசக்கிக் கைரேகை தேய்ந்த தாய்மார்களே! எங்கள் வீட்டுக்காரர் பந்தைப் பிடித்தால் "பூட்டு! பூட்டு!" என்று தொண்டை கிழியக் கத்தி, மறுநாள் வேலையிடத்தில் சைகையால் பேசும் தம்பிமார்களே, தங்கைமார்களே! அனைவருக்கும் வணக்கம்.

இந்த இடத்தில் மேற்கு வரிசை விசில் அண்ணன் விசில் அடிப்பார். அடித்து முடிக்கட்டும், காத்திருக்கிறேன்.

முடிந்ததா அண்ணே? நன்றி.

பேச்சைத் தொடங்குமுன் ஒரு சின்ன விளையாட்டு. பத்துச் சொற்கள் சொல்கிறேன். எழுதக் கூடாது, பக்கத்தில் கேட்கக் கூடாது, கேட்டுவிட்டு மனதில் வைத்துக்கொண்டால் போதும். கடைசியில் திருப்பிக் கேட்பேன்.

வாளி. ஏணி. தேன். சாவி. மழை. நூல். குதிரை. கண்ணாடி. விளக்கு. கத்தரிக்கோல்.

அவ்வளவுதான். பத்திரமாக வைத்திருங்கள். இப்போது நம் கதைக்கு வருவோம்.

நாம் யார்? நாம் எங்கே நிற்கிறோம்? நாம் பத்தொன்பது வருஷமாகக் கால்பந்தில் இரண்டாம் நிலை லீக். இருபது அணி, முப்பத்தெட்டு ஆட்டம், முதல் இரண்டு அணி மேலே போகும், கடைசி மூன்று கீழே விழும். மேலே இருப்பவர்கள் நம்மைப் பார்ப்பதில்லை. கீழே இருப்பவர்கள் நம்மை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை! முதல் நிலையில் மைதானத்தைச் சுற்றி இருபது கேமரா. நமக்கு ஒரே கேமரா, அதையும் இடைவேளைக்குப் பிறகு வெயிலைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். அங்கே ஒவ்வோர் அணிக்கும் மருத்துவர், மருத்துவருக்கு உதவியாளர், உதவியாளருக்கு ஒரு நாற்காலி. நமக்கு? இருபத்தாறு ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து ஒரே பிசியோ. கட்டுப்போடுவதும் அவர், ஐஸ் உடைப்பதும் அவர், ஆட்டம் முடிந்து வேன் ஓட்டுவதும் அவர்!

சிரியுங்கள். நானும் சிரித்தவள்தான்.

அங்கே நாலு வருஷ ஒப்பந்தம், இங்கே ஒரு வருஷம். ஒவ்வொரு சீசன் முடிவிலும் எங்கள் வீட்டில் சாமான் கட்டுவதா வேண்டாமா என்று பெட்டியைக் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றி வைப்போம். அந்தப் பெட்டியின் பிடி அறுந்ததே ஏற்றி இறக்கித்தான். அதிலும் கோல்கீப்பர் கதை தனிக் கதை. முன்னால் ஓடுகிறவருக்கு மூன்று இடம், நடுவில் ஆடுகிறவருக்கு நாலு இடம். கையுறை போட்டவருக்கு ஒரே இடம். அந்த இடம் என் வீட்டுக்காரருக்கு எப்படிக் கிடைத்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அவருக்கு முன் இருந்தவருக்கு விரல் முறிந்தது. மூன்றே வாரம் ஓய்வு. அந்த மூன்று வாரத்தில் நம்மவர் உள்ளே போனார், ஆறு வருஷமாக வெளியே வரவில்லை. விரல் முறிந்தவர் இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். வழியில் பார்த்தால் ஹாரன் அடித்துக் கையசைப்பார். அவர் கையசைக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் எனக்கு மட்டும் கேட்கும்படி ஒன்று சொல்வார்: "மூணு வாரம்மா. வெறும் மூணு வாரம்."

அந்த மூன்று வாரத்தை மறந்துவிடாதீர்கள். என் பேச்சு முழுக்க அந்த மூன்று வாரத்தைப் பற்றித்தான்.

சீசன் தொடங்குமுன் ஒவ்வோர் ஆட்டக்காரரையும் பிசியோ தம்பி தனியாக உட்காரவைப்பார். சீருடை அறையில், துவைத்த சட்டைகள் தொங்குகிற கொடிக்குக் கீழே, ஒரு மடக்கு நாற்காலி. கையில் ஓர் அட்டை. பத்துச் சொல்லைப் படிப்பார், எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்டு அட்டையில் எழுதிக்கொள்வார். எதற்கு? நாளைக்கு மைதானத்தில் தலையில் அடிபட்டால், வேறு பத்துச் சொல் சொல்லிக் கேட்பார். அன்று ஒன்பது சொன்னவர் இன்று நாலுதான் சொல்கிறார் என்றால், மூளை கலங்கியிருக்கிறது. வெளியே வா, மருத்துவரைப் பார், குறைந்தது மூன்று வாரம் ஓய்வு.

நல்ல முறை. நேர்மையான முறை. நேர்மையானவர்களுக்கு ஏற்ற முறை!

அந்தச் சோதனைக்கு முந்தின நாள் அவர் வீட்டுக்கு வந்து, சட்டைகூட மாற்றாமல் சொன்னார்: "சீனியர் ஒருத்தர் ஒரு வழி சொன்னாரு. முதல்லயே கம்மியா சொல்லிட்டோம்னு வை, அப்புறம் அடிபட்டாலும் கம்மிதானே வரும். வித்தியாசமே தெரியாது. நான் ரெண்டு சொல்லிட்டு முழிக்கலாம்னு இருக்கேன்."

ஒரு மனைவி என்ன சொல்லியிருக்க வேண்டும்? தாய்மார்களே, நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? "வேண்டாங்க" என்று சொல்லியிருப்பீர்கள். "தலையோட விளையாடாதீங்க" என்று கையிலிருக்கும் கரண்டியைக் காட்டியிருப்பீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ரெண்டுன்னா சந்தேகம் வரும். அஞ்சு சொல்லுங்க."

ஆமாம். நான்தான். படித்தவள் அல்லவா! உளவியல் இரண்டாம் ஆண்டில் எண்பத்தாறு மதிப்பெண் வாங்கியவள் அல்லவா! முதலில் கேட்டது மனதில் நிற்கும், கடைசியில் கேட்டதும் நிற்கும், நடுவில் இருப்பதுதான் நழுவும் என்று பரீட்சையில் படம் போட்டு எழுதியவள் அல்லவா! "சும்மா அஞ்சு சொன்னாப் போதாது. முதல் ரெண்டு, கடைசி ரெண்டு, நடுவுல ஒண்ணு. அப்பதான் நிஜம் மாதிரி இருக்கும்" என்றேன். பாப்பாவின் பால்வாடிப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நோட்டீசுக்குப் பின்பக்கம் பத்துச் சொல் எழுதினேன். எந்தப் பத்து? கொஞ்சம் முன் உங்களுக்குச் சொன்ன அதே பத்து. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை. நான் படிப்பேன், அவர் சொல்வார். "வாளி, ஏணி…" கொஞ்சம் தலையைச் சொறிவார். "மழை…" மேலே பார்ப்பார். "விளக்கு, கத்தரிக்கோல். அவ்வளவுதாம்மா." நான் கைதட்டுவேன். பாப்பா மேசைக்கடியில் பொம்மையோடு உட்கார்ந்து அவளும் கைதட்டுவாள். எத்தனை முறை தெரியுமா? அவர் முகத்தில் ஏமாற்று தெரியாமல் போகிறவரை.

மறுநாள் பிசியோ தம்பி அட்டையில் ஐந்து என்று எழுதினார். அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். ஒரு மனிதருக்கு நினைவு குறைவு என்று எழுதிவாங்கியதற்குப் பாயசம் வைத்த வீடு எங்கள் வீடு.

யாரங்கே முணுமுணுப்பது? சத்தமாகவே சொல்லுங்கள். இதைவிட மோசமாக நானே என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாலாவது ஆட்டம். வெளியூர். கொட்டும் மழை. எதிரணிக்காரர் முழங்கால் அவர் நெற்றிப்பொட்டில். விழுந்தார். பிசியோ தம்பி ஓடினார், அட்டையை எடுத்தார், அவர் ஐந்து சொன்னார். எழுந்தார். பதினாலு நிமிஷம் கழித்து அந்தப் பெனால்டி! உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? வலப்பக்கம் பாய்வதுபோல் பாசாங்கு காட்டி, இடப்பக்கம் இரும்புக் கதவாய் விழுந்து, விரல்நுனியால் பந்தைக் கம்பத்துக்கு வெளியே தள்ளிய அந்தப் பெனால்டி! மைதானச் சுவரில் பன்னிரண்டு அடிக்குப் படமாக வரைந்திருக்கிறீர்களே, அந்தப் பெனால்டி! விசில் அண்ணன் தன் நாய்க்குட்டிக்குப் பூட்டு என்று பெயர் வைத்தது அன்றைக்குத்தானே?

இங்கே எல்லோரும் கைதட்டுவீர்கள். தெரியும். தட்டுங்கள்.

தட்டிவிட்டீர்களா? இப்போது கேளுங்கள். அன்று வேனில் திரும்பும்போது அவர் எனக்குப் போன் செய்தார். "ஜெயிச்சோமா?" என்று கேட்டார். ஒன்றுக்கு ஒன்று, சமம் என்றேன். இரண்டு நிமிஷம் வேறு ஏதோ பேசினார். "ஆமா, ஜெயிச்சோமா?" என்று மறுபடி கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது நான் சிரித்துச் சமாளித்தேன். அந்தப் பெனால்டி அவருக்கு நினைவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கைப்பேசியில் அந்தக் காட்சியை ஓடவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் கல்யாண வீடியோவைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். "நல்லாத்தான் புடிச்சிருக்கான்" என்பார். "புடிச்சிருக்கேன்" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இந்த ஊரில் எட்டாயிரம் பேருக்கு அது நினைவிருக்கிறது. பிடித்தவருக்கு மட்டும் இல்லை!

அன்றே நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறந்தேனா? இல்லை. மூன்று வாரம், மூன்று வாரம், மூன்று வாரம். பிறகு பயிற்சியில் ஒரு நாள் கம்பத்தில் மோதிக்கொண்டார், யாரும் பார்க்கவில்லை. கையுறையைத் தொட்டியில் அலசிக்கொண்டே என்னிடம் சொன்னார், ஏதோ பால் பாக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல. அதன்பிறகு மிக்ஸியை நான் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். சமையலறை விளக்குக்கே கறுப்புக் கண்ணாடி போடுவார். "என்னப்பா, சினிமா ஸ்டாரா?" என்று பாப்பா கேட்பாள். சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்துச் சிரித்து, மறைத்து மறைத்து, முப்பத்தேழு ஆட்டம் வந்துவிட்டோம்.

போன சனிக்கிழமை, பத்தடி தூரத்திலிருந்து அடித்த பந்து நேராக முகத்தில். பிசியோ தம்பி பத்துச் சொல் சொன்னார். இவர் நாலு சொன்னார். தம்பி அட்டையைப் பார்த்தார்: அன்று ஐந்து, இன்று நாலு. ஒன்று குறைவது ஆட்டப் பதட்டம் என்று விட்டுவிட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. இந்தக் கூட்டத்தில் யாராவது அந்தத் தம்பியை ஒரு வார்த்தை சொன்னால் நான் மேடையிலிருந்து இறங்கி வந்து சண்டை போடுவேன். அந்த அட்டையில் ஒன்பது என்று இருந்திருந்தால், அந்த நாலைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்திருப்பார். ஒன்பதை ஐந்தாக்கியது யார்? இந்த மைக்கின் முன் நிற்பவள்.

நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று கத்தினீர்கள், அவர் எழுந்தபோது. நானும் கத்தினேன். பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டீசைத் தேடி எடுத்தேன். "ஒளிக்காம, நடிக்காம, எத்தனை வருதோ அத்தனையும் சொல்லுங்க" என்று அதே பத்துச் சொல்லைப் படித்தேன். எத்தனை முறை ஒத்திகை பார்த்த பத்து!

"வாளி" என்றார். "ஏணி" என்றார். "மழை." அப்புறம், "கடல்."

"கடல் இதுல இல்லீங்க."

"இல்லையா?" சிரித்தார். "பழக்கம்மா. கம்மியா சொல்லிச் சொல்லியே பழகிடுச்சு. நீதானே பழக்கின?"

ஒரு நிமிஷம் நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது. நடிக்கிறார், நான் சொல்லிக்கொடுத்த நடிப்பைத்தான் நடிக்கிறார் என்று நிம்மதிகூட வந்தது. பிறகுதான் உறைத்தது. நான் சொல்லிக்கொடுத்த நடிப்பில் கடைசி இரண்டு சொல் கட்டாயம் வரும். முதல் இரண்டு, நடுவில் ஒன்று, கடைசி இரண்டு. கத்தரிக்கோல் என்று நான் சொல்லி மூன்று விநாடிகூட ஆகவில்லை. நடிக்கிறவருக்குக் கத்தரிக்கோல் போகாது. அவருக்குப் போய்விட்டது.

மேசைக்கடியிலிருந்து பாப்பா எட்டிப் பார்த்தாள். "நான் சொல்லட்டா?" என்று பாட்டுப்போல் பாடினாள்: வாளி ஏணி தேன் சாவி மழை நூல் குதிரை கண்ணாடி விளக்கு கத்தரிக்கோல். நாலு வயசு. அவள் பாடும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் தலை லேசாக ஆடியது, முதன்முறை கேட்கிற பாட்டுக்குத் தாளம் பிடிப்பவர்போல. சிரித்துக்கொண்டேதான் இருந்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை பாப்பாவைக் கூப்பிட அவர் போனார். நாலு மணிக்குப் பால்வாடி ஆயாம்மா போன் செய்தார். "பாப்பா அப்பா வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்காரும்மா. ஒரு மணி நேரமா. நான் போய்க் கூப்பிட்டா சிரிக்கிறாரு. பிள்ளையக் கூட்டிட்டுப் போங்கன்னா, சரிங்கறாரு. எந்திரிக்கல." நான் ஓடினேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ எங்கம்மா இங்க?" என்றார்.

அன்பார்ந்தவர்களே! எட்டு கஜ அகலத்துக்கு எட்டடி உயரத்துக்குப் பாயும் அந்த மனிதர், எதிரணிக்காரர் எந்தக் காலால் அடிப்பார் என்று இடுப்பு திரும்புவதை வைத்துச் சொல்லும் அந்த மனிதர், எதற்காக அந்தப் பெஞ்சுக்கு வந்தோம் என்று தெரியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்! அந்தக் கதவுக்கு உள்ளே அவர் பெண் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்!

செவ்வாய்க்கிழமை சண்டை போட்டேன். "டாக்டர்கிட்ட போலாம்."

"சனிக்கிழமை முடியட்டும். ஒரே ஒரு ஆட்டம். ஜெயிச்சா மேல போறோம். பத்தொன்பது வருஷம்மா."

"நான் பிசியோகிட்ட சொல்லிடுவேன்."

"சொல்லு. நான் இல்லைன்னு சொல்லுவேன். அட்டை என் பக்கம். அஞ்சு, நாலு. நீ சொல்றதை நம்புவாங்களா, அட்டையை நம்புவாங்களா?" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏம்மா, அவங்க கூப்பிடுறப்ப நான் எப்படி உள்ள போகாம இருக்கிறது? நீயே சொல்லு. கூப்பிடுறாங்கல்ல."

புதன்கிழமை, அதாவது இதை எழுதும் இரவுக்கு முந்தைய பகல், சீருடை அறைக்குப் போனேன். பிசியோ தம்பி வேனுக்குச் சக்கரம் மாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணனுக்குத் தலை எப்படி இருக்கு?" என்று என் வாயிலிருந்து வந்தது, உண்மை வரவில்லை. அவர் அட்டையை எடுத்துக் காட்டினார். "பாருங்க அண்ணி. அன்னிக்கு அஞ்சு, இப்ப நாலு. அண்ணன் கல்லு அண்ணி, கல்லு. எனக்கே தலைல அடிபட்டா மூணுகூட வராது." சிரித்தார். நான், "ஆமா தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆமா தம்பி! படித்த வாய், பரிசு வாங்கிய வாய், அந்த இடத்தில் அந்த இரண்டு வார்த்தைதான் பேசியது.

அதனால்தான் இந்த மேடை. தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தனியாகச் சொன்னால் அவர் மறுத்துவிடுவார், அட்டை அவருக்குச் சாட்சி சொல்லும். எண்ணூறு பேருக்கு முன்னால் சொல்கிறேன். அந்த அட்டை பொய். அதை எழுதவைத்தவள் நான். என் வீட்டுக்காரருக்கு மூன்று முறை தலையில் அடிபட்டிருக்கிறது. அவர் ஆடக்கூடாது.

கட்டின புருஷனை மேடை ஏறிக் காட்டிக்கொடுக்கிறாளே என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். இவ்வளவு நாள் இருந்துவிட்டு, மேலே போகிற நேரத்தில் வந்து கெடுக்கிறாளே என்பீர்கள். அதையும் சொல்லுங்கள். உங்கள் பத்தொன்பது வருஷத்தை நான் அறியாதவளா? சனிக்கிழமைக்கென்று விடுப்பு எழுதிக்கொடுத்தவர்கள் இங்கே எத்தனை பேர்! ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் அப்பாவுக்குப் போனைக் காதில் வைத்து ஆட்டத்தைச் சொல்லப்போகிறவர் முன்வரிசையில் இருக்கிறார். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றுதான் இந்த வரியை மூன்று முறை அடித்து எழுதினேன்.

ஆனால் அவர் சொன்னதை நினைத்துப் பாருங்கள். "கூப்பிடுறாங்கல்ல." யார் கூப்பிடுவது? பயிற்சியாளரா? ஒப்பந்தமா? நீங்கள்! நீங்கள் கூப்பிடுகிறீர்கள், அதனால் அவர் போகிறார். எந்த மாத்திரையும் எந்த மருத்துவரும் எந்த மனைவியும் அந்தக் குரலுக்கு முன் நிற்க முடியாது. நான் நின்று பார்த்துவிட்டேன். என் பெண் நின்று பார்த்துவிட்டாள்.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை அவரைக் கூப்பிடாதீர்கள். சுவரில் வரைந்த படத்துக்குக் கையெடுத்துக் கும்பிடுங்கள், நாய்க்குட்டியைக் கொஞ்சுங்கள், பழைய ஆட்டங்களைப் பேசிப் பேசி ஆற்றுங்கள். ஆனால் அந்தப் பெயரைக் கத்தாதீர்கள். இரண்டு சீசனாகப் பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கையுறையைப் போட்டு, ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அழுக்காகாமல் கழற்றுகிற ஒரு தம்பி இருக்கிறார். அவருக்கு நீங்கள் ஒரு பட்டப்பெயர்கூட இன்னும் வைக்கவில்லை. இன்றிரவு உட்கார்ந்து ஒன்று வையுங்கள். நல்லதாக வையுங்கள். சனிக்கிழமை அதைக் கத்துங்கள்.

செய்வீர்களா? செய்வீர்கள் என்று நம்பிக்கை இல்லாமல்தான் கேட்கிறேன். நானே போன வாரம்வரை செய்யவில்லையே. உங்கள் இடத்தில் இருந்தால் "ஒரே ஒரு ஆட்டம்தானே" என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். தோற்றுவிட்டால் என் முகத்தில் விழிக்கமாட்டீர்கள். ஜெயித்துவிட்டால், அவர் இருந்திருந்தால் இன்னும் நன்றாக ஜெயித்திருப்போம் என்பீர்கள். அவரே என்னை மன்னிப்பாரா தெரியாது. மன்னிக்காத ஒரு மனிதர், என்னை ஏன் மன்னிக்கவில்லை என்பது நினைவிருக்கிற ஒரு மனிதர், வீட்டில் இருந்தால் போதும்.

இப்போது விளையாட்டுக்கு வருவோம். அந்தப் பத்துச் சொல், சொல்லுங்கள் பார்க்கலாம்.

வாளி, ஏணி வந்திருக்கும். விளக்கு, கத்தரிக்கோல் வந்திருக்கும். குதிரையை ஒருவர் சொல்லியிருப்பார், குதிரையை யாரும் மறப்பதில்லை. ஏழு வந்ததா? எட்டா? இத்தனை பேசி, இத்தனை அழுது, இத்தனை நேரம் கழித்தும் உங்களுக்கு எட்டு வருகிறது. என் பெண்ணுக்குப் பத்தும் வருகிறது. என் வீட்டுக்காரருக்கு மூன்று வந்தது, நாலாவதாக ஒரு கடல் வந்தது.

அந்த மூன்றை எனக்கு விட்டுவிடுங்கள்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் எழுந்து போனவர்களுக்கும், இந்த மைக்கை இதுவரை பிடுங்காத பெரியோர்களுக்கும் என் நன்றி. எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். போனதும், எதற்காக வந்தோம் என்று மறக்காமல், பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.

*

அண்ணா, பேச்சு இதுதான். எழுதி முடிப்பதற்குள் மறுபடி ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். புரண்டு படுத்திருக்கிறார்.

இதை முதலில் படிக்கிறவர் நீங்கள்தான். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. எண்ணூறு பேருக்கு முன்னால் சொல்கிறேன் என்று எழுதிவிட்டேனே தவிர, உங்கள் ஒருவருக்கு அனுப்புவதையே தள்ளித் தள்ளிப் போடுகிறேன். "இதெல்லாம் மேடையில வேண்டாம்மா" என்று நீங்கள் சொல்லலாம். சரி. மேடை வேண்டாம், பேச்சு வேண்டாம், மாலையும் வேண்டாம். நீங்களே பிசியோ தம்பியைக் கூப்பிட்டு அந்த அட்டையைக் கிழிக்கச் சொன்னால் நான் வெள்ளிக்கிழமை கடைசி வரிசையில் பாப்பாவோடு உட்கார்ந்துகொள்கிறேன். என் வீட்டுக்காரர் மறுத்தால் என்னைக் கூப்பிடுங்கள். அவர் முகத்துக்கு நேராகவே சொல்கிறேன். இந்தத் தடவை "ஆமா தம்பி" என்று சொல்லமாட்டேன்.

காலை ஒன்பது மணிக்கு அவர் பயிற்சிக்குக் கிளம்புவார். பந்து அடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அதற்குள் பதில் போடுங்கள்.